ஹார்ட் டிஸ்க்கைக் கணினி காட்டவில்லையா? ஃபார்மட் செய்வதற்கு முன் இதைப் படியுங்கள்

வெளியில் இணைக்கும் ஹார்ட் டிஸ்க்கைச் செருகுகிறீர்கள். விளக்கு எரிகிறது, சுழலும் சத்தமும் கேட்கிறது. கணினியில் மட்டும் அந்த டிரைவ் இல்லை. அல்லது டிரைவ் இருக்கிறது, திறந்தால் ‘ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்’ என்று ஒரு பெட்டி வருகிறது. எங்கள் வீட்டு 1 டிபி டிஸ்க்குக்கு இந்த நிலை வந்தபோது, தக்கலையில் ஒன்றும் நாகர்கோவிலில் ஒன்றுமாக யோசனைகள் கிடைத்தன. முதலில் ஃபார்மட் செய்துவிட்டு அப்புறம் மீட்கலாம் என்றார் ஒருவர். டிஸ்க் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்றார் மற்றவர். இரண்டுமே தவறு. கெட்டிருந்தது பார்ட்டிஷன் அட்டவணை மட்டும்தான். உள்ளே இருந்த புகைப்படங்கள், பத்திரங்களின் ஸ்கேன், திருமண வீடியோ எல்லாமே மீண்டும் கிடைத்தன. ஆனால் எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்று வரிசையாகச் சொல்ல ஆள் கிடைக்காமல் மிகவும் அலைந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

குமரி மாவட்டத்தில் இது பல வீடுகளின் பிரச்சினை. வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறையில் வருபவர்கள் பல ஆண்டுப் படங்களை ஒரே டிஸ்க்கில் சேர்த்து வைத்துவிட்டுப் போகிறார்கள். ஊர்த் திருவிழா வீடியோ, கொடைவிழா வீடியோ, பிள்ளைகளின் கல்லூரி புராஜெக்ட் என்று எல்லாமே ஒரு சிறிய கறுப்புப் பெட்டிக்குள் இருக்கின்றன. வேறு நகல் இருப்பதில்லை.

பார்ட்டிஷன் அட்டவணை என்பது டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும் சிறிய பதிவு. எந்தப் பிரிவு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பது மட்டுமே அதில் எழுதப்பட்டிருக்கும். எல்லைக் கல்லைப் பிடுங்கி எறிந்தாலும் நிலம் அங்கேயேதான் கிடக்கும். அட்டவணை அழிந்தாலும் கோப்புகள் அப்படித்தான். அந்த இடத்தின் மேல் புதிதாக எதையாவது எழுதும்போதுதான் உண்மையான இழப்பு தொடங்குகிறது. எனவே கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் ஒரே விதி: டிஸ்க்கிலிருந்து படிக்கலாம், தரவு வேறோர் இடத்துக்கு வந்து சேரும் வரை அதன் மேல் எதையும் எழுதக் கூடாது.

1. செய்யக் கூடாதவை

இதை முதலில் வைக்கிறேன். பாதி இழப்பு முதல் பத்து நிமிடங்களில் நடந்துவிடுகிறது.

‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்டால் கேன்சல். ‘டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்ய வேண்டும், எம்பிஆரா ஜிபிடியா?’ என்று கேட்டாலும் கேன்சல். எம்பிஆர், ஜிபிடி இரண்டும் பார்ட்டிஷன் அட்டவணையின் வகைகள்; இனிஷியலைஸ் என்பது புதிய, வெற்று அட்டவணையை எழுதும் வேலை. ‘ஸ்கேன் செய்து சரிசெய்யவா?’ என்று விண்டோஸ் கேட்பது உதவி போலத் தோன்றும். அதுவும் டிஸ்க்கில் எழுதும் வேலைதான், இப்போது வேண்டாம். மீட்பு மென்பொருள் எதையும் அதே டிஸ்க்கில் நிறுவக் கூடாது. மீட்ட கோப்புகளை அதிலேயே சேமிக்கவும் கூடாது. டிஸ்க்கைத் தட்டுவது, குலுக்குவது, ஃப்ரீசரில் வைப்பது ஆகிய மூன்றையும் எனக்கு அக்கறையோடுதான் பரிந்துரைத்தார்கள். மூன்றையும் மறந்துவிடுங்கள். நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு, ஃப்ரீசரிலிருந்து எடுத்த டிஸ்க்கின் உள்ளே நீர் கோத்துவிடும்.

2. காதைக் கொடுத்துக் கேளுங்கள்

டிஸ்க்கைச் செருகிவிட்டு ஒரு நிமிடம் அமைதியாகக் கேளுங்கள். சீரான, மெல்லிய சுழலும் ஓசை வந்தால் நம்பிக்கையோடு அடுத்த படிக்குப் போகலாம். ‘டக்… டக்… டக்…’ என்று ஒரே இடைவெளியில் தட்டும் ஓசை, உரசும் ஓசை, சுழல முயன்று நின்றுபோகும் ஓசை ஆகியவற்றில் ஏதாவது கேட்டால் உடனே கழற்றிவிடுங்கள். டிஸ்க்கின் படிக்கும் முனையோ மோட்டாரோ பழுதாகியிருக்கிறது என்று பொருள். எந்த மென்பொருளும் அதைச் சரிசெய்யாது. மறுபடியும் மறுபடியும் செருகிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் தகட்டில் கீறல் விழும் வாய்ப்பு கூடுகிறது. இடையில் உள்ளதை எல்லாம் விட்டுவிட்டு 9ஆம் படிக்குப் போங்கள்.

கீழே விழுந்த டிஸ்க்குக்கும் வெள்ளத்தில் நனைந்த டிஸ்க்குக்கும் இதே அறிவுரைதான். நனைந்ததை வெயிலில் காயவைத்து ‘ஒரு தடவை’ செருகிப் பார்க்கும் ஆசை வரும். தயவுசெய்து வேண்டாம்.

3. கேபிளும் மின்சாரமும்

இந்தப் படி சலிப்பாகத் தோன்றும். ஆனால் இங்கேயே தீர்ந்துவிடும் பிரச்சினைகள் ஏராளம். சிறிய, 2.5 அங்குல டிஸ்க்குகள் யூஎஸ்பி கேபிள் வழியாகவே மின்சாரம் எடுக்கின்றன. யூஎஸ்பி 2 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர், யூஎஸ்பி 3 போர்ட் தருவது 900 மில்லிஆம்பியர். டிஸ்க் சுழலத் தொடங்கும் கணத்தில்தான் தேவை அதிகம். நைந்த கேபிளோ, பழைய கணினியின் முன்பக்க போர்ட்டோ அந்த மின்சாரத்தைத் தராது. விளக்கு எரியும், டிஸ்க் தெரியாது. எனவே யூஎஸ்பி ஹப் இருந்தால் அகற்றிவிடுங்கள். மேசைக் கணினி என்றால் பின்பக்கத்தில், மதர்போர்டோடு ஒட்டியிருக்கும் போர்ட்டில் செருகுங்கள். மடிக்கணினியைச் சார்ஜரில் போடுங்கள்.

கேபிளை மாற்றிப் பாருங்கள். பல டிஸ்க்குகளுக்கு இரண்டு பாகமாக அகன்று இருக்கும் மைக்ரோ-பி முனைதான். நான் விசாரித்தவரை 150 முதல் 400 ரூபாய்க்குள் கிடைக்கிறது. இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது. குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் டிஸ்க்கின் போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உப்புக் காற்றில் தொடுமுனைகள் பச்சையாகவோ மங்கலாகவோ ஆகியிருக்கலாம். மின்னணுச் சாதனங்களுக்கான ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மென்மையான தூரிகையில் தொட்டுத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு செருகுங்கள். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், சானிட்டைசர் எதுவும் அங்கே போகக் கூடாது.

பெரிய, 3.5 அங்குல டிஸ்க்காக இருந்தால் அதற்குத் தனி 12 வோல்ட் அடாப்டர் இருக்கும். அடிக்கடி மின்சாரம் போய் வரும் மழைக்காலத்தில் அடாப்டர்தான் முதலில் சாகும். வேறு அடாப்டர் போடுவதாக இருந்தால் வோல்ட், ஆம்பியர், முனையின் நேர்-எதிர்க் குறி ஆகிய மூன்றும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். வை-ஃபை ரௌட்டரின் அடாப்டர் முனை அளவில் பொருந்தினாலும் ஆம்பியர் குறைவாக இருக்கக்கூடும்.

கடைசியாக, வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள். அங்கே திறந்தால் டிஸ்க்கில் பழுதில்லை. அப்போதே, அந்தக் கணினியிலேயே எல்லாவற்றையும் நகலெடுத்துவிடுங்கள். சொந்தக் கணினியில் என்ன கோளாறு என்ற ஆராய்ச்சியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

4. டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ன சொல்கிறது?

விண்டோஸ் பொத்தானையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ இருக்கிறது. திறந்ததும் இனிஷியலைஸ் பெட்டி வந்தால், மேலே சொன்னபடி கேன்சல். கீழ்ப் பகுதியில் டிஸ்க்குகள் வரிசையாக இருக்கும். உங்கள் டிஸ்க் எது என்பதை அளவை வைத்துக் கண்டுபிடியுங்கள். 1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்று காட்டும், 2 டிபி டிஸ்க் 1863 ஜிபி என்று காட்டும். திரையைக் கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். கடைக்கோ ஆய்வகத்துக்கோ போக நேர்ந்தால் அந்தப் படம் ஆயிரம் கேள்விகளைக் குறைக்கும்.

‘ஹெல்தி’ என்று இருந்து, டிரைவ் எழுத்து மட்டும் இல்லையென்றால் மகிழ்ச்சி அடையுங்கள். அந்தப் பிரிவின் மேல் வலது கிளிக் செய்து, டிரைவ் எழுத்தை மாற்றும் தெரிவில் ‘ஆட்’ அழுத்தி, யாரும் பயன்படுத்தாத ஓர் எழுத்தைக் கொடுங்கள். ஒரு நிமிட வேலை, செலவு எதுவுமில்லை. ‘ஆஃப்லைன்’ என்று இருந்தால் டிஸ்க்கின் பெயர் மேல் வலது கிளிக் செய்து ‘ஆன்லைன்’ கொடுங்கள்.

‘ரா’ என்று இருந்தால் பிரிவின் எல்லை தெரிகிறது, உள்ளே இருக்கும் கோப்பு முறைமை, அதாவது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற கணக்கு, படிக்க முடியாமல் இருக்கிறது. ‘அன்அலோகேட்டட்’ என்று கறுப்புப் பட்டையோடு இருந்தால் அட்டவணையே காணவில்லை. எங்கள் டிஸ்க் அப்படித்தான் காட்டியது. பார்க்கவே நெஞ்சு படபடக்கும். ஆனால் மீட்பதற்கு ஏற்ற நிலைகளில் இதுவும் ஒன்று.

‘நாட் இனிஷியலைஸ்டு’ என்று வந்தால் பக்கத்தில் இருக்கும் அளவைப் பாருங்கள். முழு அளவும் சரியாகக் காட்டினால் பெரும்பாலும் தொடக்கப் பகுதி மட்டும் கெட்டிருக்கும், அப்படியென்றால் தொடரலாம். அளவே இல்லை, அல்லது ‘நோ மீடியா’ என்று இருந்தால் பழுது மின்சுற்றிலோ டிஸ்க்கின் உள்ளேயோ இருக்கிறது. அதற்கு வீட்டில் வைத்தியம் இல்லை. பட்டியலிலேயே டிஸ்க் வரவில்லை என்றாலும் அப்படித்தான். கேபிளையும் கணினியையும் மாற்றிப் பார்த்துவிட்டீர்கள் அல்லவா?

5. பழுதே இல்லாமல் பழுதுபோலத் தோன்றும் இடங்கள்

திருமண ஸ்டுடியோவிலிருந்து வந்த டிஸ்க்கா? பல ஸ்டுடியோக்களில் எடிட்டிங் ஆப்பிள் மேக் கணினியில் நடக்கிறது. மேக் வடிவத்தில் ஃபார்மட் செய்த டிஸ்க்கை விண்டோஸ் படிக்காது. ஃபார்மட் செய்யச் சொல்லிக் கேட்கும். நல்ல டிஸ்க்கை அப்படி அழித்துவிடுகிறார்கள். ஸ்டுடியோவுக்கே எடுத்துச் சென்று, விண்டோஸும் மேக்கும் படிக்கும் எக்ஸ்ஃபேட் வடிவத்தில் இருக்கும் வேறொரு டிஸ்க்கில் நகல் வாங்குங்கள்.

டிவியில் நிகழ்ச்சியைப் பதிவு செய்யப் பயன்படுத்திய டிஸ்க்கும் இதேபோல்தான். சில டிவிகளும் செட்டாப் பாக்ஸ்களும் பதிவுக்காக டிஸ்க்கைத் தமக்கு உரிய வடிவத்துக்கு மாற்றிவிடும். பழைய படங்கள் இருந்த டிஸ்க்கை டிவியில் போட்டு, அது கேட்டதற்கெல்லாம் சரி கொடுத்திருந்தால், நேராக 8ஆம் படியின் கடைசியில் சொல்லும் போட்டோரெக்தான் வழி.

அலுவலகக் கணினியில் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு போட்ட டிஸ்க் என்றால் 48 இலக்க மீட்பு எண் வேண்டும். அதைப் பூட்டியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருக்கலாம். அலுவலக டிஸ்க் என்றால் அங்கே கணினிப் பிரிவில் கேளுங்கள். அந்த எண்ணும் கடவுச்சொல்லும் இல்லாமல் எந்தக் கடையாலும் திறக்க முடியாது. திறந்து தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

இன்னொன்று. பெட்டியை உடைத்து உள்ளே இருக்கும் டிஸ்க்கை வேறு அடாப்டரில் போட்டுப் பார்க்கலாம் என்று சொல்வார்கள். சில மாடல்களில் யூஎஸ்பி முனை டிஸ்க்கின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும்; மாற்றிப் போட வழியே இல்லை. சில பெட்டிகளின் மின்சுற்று தரவைச் சங்கேதமாக்கி எழுதுகிறது. பெட்டியை விட்டு வெளியே எடுத்தால் எல்லாம் குப்பையாகத் தெரியும். டிஸ்க் தரவை எழுதும் சிறு கட்டத்துக்குச் செக்டர் என்று பெயர்; வேறு சில பெட்டிகள் 512 பைட் செக்டரை 4096 பைட்டாகக் கணினிக்குக் காட்டுகின்றன. வெளியே எடுத்ததும் நல்ல பார்ட்டிஷன்கூடக் காணாமல் போனதுபோல் இருக்கும். எனவே பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும் என்றால், அதைப் பத்திரமாக வைத்திருங்கள். திறந்தால் வாரண்டி போய்விடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

6. டிஸ்க்கின் உடல்நிலை

ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிறது. அதைப் படிக்க கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். அதை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். கணினியின் சொந்த டிரைவில் வையுங்கள். திறந்ததும் நல்லது, எச்சரிக்கை, மோசம் என மூன்றில் ஒன்றை வண்ணத்தில் காட்டும். அதோடு நிற்காமல் மூன்று வரிகளைப் பாருங்கள்: 05, சி5, சி6. 05 என்பது கெட்டுப்போய் மாற்றிவைத்த செக்டர்கள். சி5 என்பது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். சி6 என்பது திருத்த முடியாதவை. மூன்றும் பூஜ்யமாக இருந்தால் டிஸ்க் உறுதியானது. அப்போதும் 7ஆம் படியின் நகலை எடுத்துவிட்டு 8ஆம் படிக்குப் போவதே நல்லது. சி5 பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் 7ஆம் படியைச் செய்யாமல் 8ஆம் படிக்குப் போகவே கூடாது. இந்த எண்கள் வழக்கமாகப் பதினாறடி எண்முறையில் தெரியும், எழுத்துகள் கலந்து வந்தால் குழம்ப வேண்டாம். மெனுவில் பத்தடி முறைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

7. முதலில் முழு நகல்

அவசரக்காரர்கள் தாண்டிப் போகும் படி இது. அப்படிச் செய்ய வேண்டாம் என்று கெஞ்சியே கேட்கிறேன். பழுதான டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டரையும் அப்படியே வேறொரு டிஸ்க்குக்கு எடுத்துவிட்டு, எல்லாச் சோதனைகளையும் அந்த நகலில் நடத்துங்கள். நகலில் தவறு நடந்தால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கு மூல டிஸ்க்கைவிடப் பெரிய டிஸ்க் வேண்டும். அதில் 200 ஜிபிதான் நிரம்பியிருந்தது என்பது கணக்கில்லை. முழு 1 டிபியும் நகலாகும். எனவே 2 டிபி டிஸ்க் வாங்குங்கள். புதிய டிஸ்க்கின் விலை அடிக்கடி மாறுகிறது. சில ஆயிரம் ரூபாய் ஆகும். இது வீண் செலவு இல்லை, மீட்பு முடிந்ததும் அதுவே உங்கள் நிரந்தர நகல் டிஸ்க். நகலை ஒரே பெரிய கோப்பாகச் சேமிக்கும்போது, வாங்கும் டிஸ்க் ஃபேட்32 வடிவத்தில் இருக்கக் கூடாது. அந்த வடிவம் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பை ஏற்காது. நகல் பாதியில் நின்றுவிடும். என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் வடிவம் இருக்கட்டும்.

நல்ல நிலையில் இருக்கும் டிஸ்க்கை எந்த நகல் மென்பொருளாலும் எடுக்கலாம். சி5 கணக்கு உயர்ந்திருந்தால், விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸில் இயங்கும் ஜிஎன்யூ டிடிரெஸ்கியூ என்ற இலவசக் கருவிதான் சரி. அது எளிதாகப் படிக்கும் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கடினமான பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வருகிறது. எங்கே நிறுத்தினோம் என்பதை ஒரு குறிப்புக் கோப்பில் எழுதி வைப்பதால், மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். உபுண்டு போன்ற லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமலே இயக்கலாம். கட்டளை எழுதிப் பழக்கமில்லாதவர்கள், பொறியியல் கல்லூரியில் கணினி படிக்கும் பிள்ளை ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூல டிஸ்க்கையும் புதிய டிஸ்க்கையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் எல்லாம் அழிந்துவிடும். இரண்டின் மேலும் காகிதம் ஒட்டி ‘பழையது’, ‘புதியது’ என்று எழுதுங்கள். திரையில் தெரியும் அளவோடும் தொடர் எண்ணோடும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே என்டர்.

நேரக் கணக்கு: யூஎஸ்பி 3 வழியாக நொடிக்கு 100 எம்பி கிடைத்தால் 1 டிபிக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. யூஎஸ்பி 2 வழியாக என்றால் எட்டு மணி நேரத்துக்கு மேல். கெட்ட செக்டர்கள் நிறைய இருந்தால் நாள்கணக்கில் ஆகும். எனவே பேட்டரி நன்றாக இருக்கும் மடிக்கணினியில் செய்யுங்கள். மேசைக் கணினி என்றால் யூபிஎஸ் கட்டாயம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மாலையில் இடி மின்னலோடு மழை பிடித்துக்கொள்ளும். அந்த மாதங்களில் காலையில் தொடங்குங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பையும் செய்தித்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். கணினி தானாக உறங்கிப்போகும் அமைப்பை நிறுத்தி வையுங்கள்.

நகல் நேரடியாக இன்னொரு டிஸ்க்குக்குப் போயிருந்தால், முடிந்ததும் பழையதைக் கழற்றிவிடுங்கள். இரண்டையும் ஒன்றாக விண்டோஸில் செருகினால், இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் ஒன்றை ‘ஆஃப்லைன்’ ஆக்கிவிடும்.

8. டெஸ்ட்டிஸ்க்

தொலைந்த பார்ட்டிஷனைத் தேட நான் நம்புவது டெஸ்ட்டிஸ்க். திறந்த மூல மென்பொருள், முழுக்க இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் இயங்கும். கறுப்புத் திரையில் எழுத்துகளாக மட்டுமே இருக்கும், மவுஸ் வேலை செய்யாது. அதைப் பார்த்துப் பயந்து பின்வாங்க வேண்டாம். அம்புக்குறிகளும் என்டரும் போதும்.

விண்டோஸில் அதை அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்குங்கள். முதல் கேள்விக்கு ‘கிரியேட்’ கொடுங்கள். என்ன நடந்தது என்ற பதிவு உருவாகும். அடுத்து டிஸ்க்குகளின் பட்டியல். அளவைப் பார்த்து உங்களுடையதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அட்டவணை வகையைக் கேட்கும். எம்பிஆர் டிஸ்க் என்றால் ‘இன்டெல்’. 2 டிபிக்கு மேற்பட்டவை பெரும்பாலும் ‘ஈஎஃப்ஐ ஜிபிடி’. மென்பொருளே கீழே ஒரு குறிப்பு கொடுக்கும். அதைப் பின்பற்றினால் போதும். ‘அனலைஸ்’, அதன்பின் ‘குயிக் சர்ச்’.

சில நிமிடங்களில் பழைய பார்ட்டிஷன்கள் பட்டியலாக வரும். இங்கே நிதானம் வேண்டும். உங்கள் பிரிவின் மேல் நின்றுகொண்டு, பார்ட்டிஷன் என்பதன் முதல் எழுத்தான பி அழுத்துங்கள். உள்ளே இருக்கும் கோப்புறைகளின் பெயர்கள் வரும். அந்தப் பெயர்களைத் திரையில் பார்த்தபோது எங்கள் வீட்டில் எல்லோரும் ஓடி வந்து நின்றார்கள். உங்களுக்கும் பழைய பெயர்கள் தெரிந்தால், அட்டவணையை எழுதுவதற்கு முன்பே கோப்புகளை வெளியே எடுத்துவிடலாம்: சிறிய ஏ எழுத்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும், பெரிய சி எழுத்து நகலெடுக்கும். சேரும் இடமாகப் புதிய டிஸ்க்கைக் காட்டுங்கள். நகலெடுத்தவற்றில் சில படங்களையும் ஒரு வீடியோவையும் திறந்து பாருங்கள். அதன்பிறகுதான் ‘ரைட்’ கொடுத்து அட்டவணையை எழுதலாம். கணினியை அணைத்து மீண்டும் இயக்கினால் டிரைவ் பழையபடி வரும்.

பட்டியலில் ஒன்றும் வராவிட்டால் ‘டீப்பர் சர்ச்’. அது டிஸ்க் முழுவதையும் படிப்பதால் பல மணி நேரம் எடுக்கும். முடிவில் ஒன்றோடொன்று பொருந்தாமல் மேலேறிக் கிடக்கும் பல பிரிவுகள் தெரியலாம். அவை எப்போதோ இருந்து அழிந்த பழைய பிரிவுகள். ஒவ்வொன்றாகப் பி அழுத்திப் பார்த்து, உங்கள் கோப்புகள் தெரிவதை மட்டும் எடுங்கள். கோப்புகள் தெரியாத பிரிவை ஒருபோதும் எழுத வேண்டாம்.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ‘ரா’ என்று வந்தவர்களுக்குப் பாதை சற்று வேறு. ‘அட்வான்ஸ்டு’ சென்று பிரிவைத் தேர்ந்தெடுத்து ‘பூட்’ கொடுங்கள். என்டிஎஃப்எஸ் வடிவம் தன் தொடக்க செக்டரின் ஒரு பிரதியைப் பிரிவின் இறுதியில் வைத்திருக்கிறது. முதன்மைச் செக்டர் கெட்டது, பிரதி நல்லது என்று திரை சொன்னால் ‘பேக்கப் பிஎஸ்’ கொடுத்தால் பிரதி முன்னால் வந்துவிடும். இதுவும் எழுதும் வேலைதான் என்பதால் நகலின் மேல் மட்டும் செய்யுங்கள்.

எதுவுமே பலிக்கவில்லை என்றால் அதே பொதியோடு வரும் போட்டோரெக். அது கோப்பு முறைமையைப் பார்க்காமல், ஒவ்வொரு கோப்பின் தொடக்க அடையாளத்தை வைத்துத் தேடி எடுக்கும். படங்கள் திரும்பி வரும். ஆனால் பழைய பெயரும் கோப்புறையும் வராது. ஆயிரக்கணக்கான படங்கள் எண்களைப் பெயராகக் கொண்டு குவிந்து கிடக்கும். கேமராவிலோ கைபேசியிலோ எடுத்த படமானால் எடுத்த தேதி படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். அதை வைத்து வரிசைப்படுத்தலாம். நீண்ட வீடியோக்கள் துண்டு துண்டாகச் சேமிக்கப்பட்டிருந்தால் அவை முழுமையாக வராமல் போகலாம்.

செக்டிஸ்க் பற்றி ஒரு வார்த்தை. யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். அது கோப்பு முறைமையை ஒழுங்குக்குக் கொண்டுவரும் கருவி. உங்கள் கோப்புகளைக் காப்பாற்றும் கருவி அல்ல. பொருந்தாத துண்டுகளைத் தன் விருப்பப்படி வெட்டி, பெயரில்லாத கோப்புகளாகத் தனிக் கோப்புறையில் கொட்டிவிடும். கோப்புகளெல்லாம் வெளியே வந்த பிறகு அதை ஓட்டுங்கள், முன்னால் வேண்டாம்.

9. கடையிலோ ஆய்வகத்திலோ கொடுக்கும்போது

நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை, கருங்கல் எங்கும் கணினி பழுதுபார்க்கும் கடைகள் இருக்கின்றன. மென்பொருளால் தீரும் பிரச்சினையை அவர்களில் பலர் நன்றாகவே தீர்ப்பார்கள். ஆனால் தட்டும் ஓசை வரும் டிஸ்க்கை, தூசு இல்லாத அறை வைத்திருக்கும் ஆய்வகத்தில் மட்டுமே திறக்க வேண்டும். ‘நீங்களே திறப்பீர்களா, வெளியே அனுப்புவீர்களா?’ என்று நேராகக் கேளுங்கள். வெளியே அனுப்புவதாக இருந்தால் எங்கே என்றும் கேளுங்கள். சில கடைகள் வாங்கி அனுப்பும் முகவர்கள்தான். இடையில் ஒரு தொகை கூடும். நாமே கொண்டுபோவது நல்லது. திருவனந்தபுரம் நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர்தான், காலையில் ரயிலிலோ பஸ்ஸிலோ போனால் மாலையில் திரும்பிவிடலாம்.

கொண்டுபோக வேண்டியவை: டிஸ்க், அதன் சொந்தக் கேபிள், வாங்கிய ரசீது, அடையாள அட்டையின் நகல், டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையின் படம். டிஸ்க்கின் அடியில் இருக்கும் ஸ்டிக்கரைத் தொடர் எண் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கோப்புறைகள் கட்டாயம் வேண்டும் என்று முக்கியத்துவ வரிசையில் ஒரு தாளில் எழுதுங்கள். டிஸ்க் பாதியில் நின்றாலும் முதலில் எடுத்தது உங்களுக்கு வேண்டியதாக இருக்கும். மீட்ட தரவை வாங்கிவர ஒரு டிஸ்க்கையும் நீங்களே கொண்டுபோங்கள்.

கையில் வாங்க வேண்டியது ஒப்புகைச் சீட்டு. அதில் தேதி, தொடர் எண், சொன்ன பழுது, சோதனைக் கட்டணம், மீட்காவிட்டால் எவ்வளவு, மீட்டால் எவ்வளவு ஆகிய எல்லாமே எழுத்தில் இருக்க வேண்டும். மதிப்பீட்டில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். என் அனுமதி இல்லாமல் ஃபார்மட் செய்யவோ, டிஸ்க்கைத் திறக்கவோ கூடாது என்று சீட்டிலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ‘தம்பி, இந்த ஒரு வரியை மட்டும் எழுதித் தாருங்கள்’ என்று தன்மையாகக் கேட்டால் நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். மறுப்பவரிடம் கொடுக்காதீர்கள்.

செலவு இரண்டு வகை. மென்பொருள் வழி மீட்பு சில ஆயிரங்களில் முடியும். உதிரி பாகம் மாற்றும் வேலை பல்லாயிரங்களைத் தொடும். அதே மாடல் டிஸ்க் தேடிப்பிடிக்க வாரக்கணக்கில் ஆகலாம். தொகையைக் கேட்ட உடனே முடிவு சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து, அந்த டிஸ்க்கில் இருப்பவற்றில் எது வேறு எங்காவது கிடைக்கும் என்று யோசியுங்கள். உறவினரின் வாட்ஸ்அப்பில், ஸ்டுடியோவின் கணினியில், வெளிநாட்டில் இருக்கும் அண்ணனின் கைபேசியில் பாதிப் படங்கள் இருக்கலாம்.

கூரியரில் அனுப்பினால் காற்றுக்குமிழி உறையில் பல சுற்று சுற்றி, கெட்டி அட்டைப்பெட்டியில் எல்லாப் பக்கமும் பஞ்சு வைத்து அனுப்புங்கள். இன்சூரன்ஸ் என்பது டிஸ்க்கின் விலைக்குத்தான், உள்ளே இருக்கும் நினைவுகளுக்கு இல்லை.

10. வாரண்டி

இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வாரண்டி டிஸ்க்குக்கு, தரவுக்கு அல்ல. அனுப்பினால் வேறொரு டிஸ்க் வரும், பழையது திரும்ப வராது. எனவே தரவை எடுத்த பிறகே கோருங்கள். வெளி டிஸ்க்குகளுக்கு வழக்கமாக 2 அல்லது 3 ஆண்டுகள் உண்டு. தயாரிப்பாளரின் தளத்தில் தொடர் எண்ணைக் கொடுத்தால் முடியும் தேதி தெரியும். ரசீது மங்கிப்போகும் தாளில் இருந்தால் வாங்கிய அன்றே படம் எடுத்து மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள். நியாயமான கோரிக்கையை மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால் நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.

11. மீட்ட பிறகு அந்த டிஸ்க்

எல்லாவற்றையும் எடுத்து, இரண்டு இடத்தில் வைத்துவிட்ட பிறகு பழைய டிஸ்க்கை முழு ஃபார்மட் செய்யுங்கள். ‘குயிக்’ என்ற குறியை நீக்கினால்தான் முழு ஃபார்மட். 1 டிபிக்குச் சில மணி நேரம் ஆகும். ஒவ்வொரு செக்டரிலும் எழுதிப் பார்க்கும். முடிந்ததும் 6ஆம் படியில் பார்த்த மூன்று எண்களையும் மறுபடி பாருங்கள். அப்படியே பூஜ்யமாக இருந்தால், கோளாறு பெரும்பாலும் கேபிளைப் பிடுங்கியதாலோ மின்சாரம் போனதாலோ வந்திருக்கும். டிஸ்க்கைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். சி5 அல்லது 05 உயர்ந்திருந்தால் டிவியில் படம் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் கணினியின் மூலையில் இருக்கும் குறியை அழுத்தி, ‘இப்போது கழற்றலாம்’ என்ற செய்தி வந்த பிறகே கேபிளைப் பிடுங்குங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். பொட்டலத்தை அவ்வப்போது மாற்ற வேண்டும்.